தொண்ணூறு சொல்லும் கினுவே

தொமாரித் துறைமுகத்தில் மீன் ஏலக் கொட்டகைக்குப் பின்புறம் சாப்பாட்டுக் கடை நடத்தும் கினுவேக்குப் பொய் சொல்ல வராது. வந்தவன் உட்காருவதற்கு முன்பே, "இன்னிக்கு மீன் சுமார்தான். நேத்துப் பிடிச்சது. முட்டை ஊத்தித் தரேன், அதைச் சாப்பிட்டுட்டுப் போ" என்று சொல்லிவிடுவாள். இப்படிக் கடை நடத்தினால் உருப்பட்டாற்போலத்தான் என்று அவள் கணவன் ஷிகெதோ தலையில் அடித்துக்கொள்வான். தப்பித் தவறி ஒரு சின்னப் பொய் அவள் வாயில் வந்துவிட்டால் உடனே காது இரண்டும் சிவந்துபோகும். அதைப் பார்த்துவிட்டு எதிரே இருப்பவன் சிரிப்பான். கடை என்னவோ நன்றாகத்தான் நடந்தது.

அப்படிப்பட்டவள் வருஷத்துக்கு ஒரு தடவை, டிசம்பர் மாதத்தில், ஊரே கூடியிருக்கும்போது எழுந்து நின்று வாய் கூசாமல் ஒரு எண்ணைச் சொல்வாள். தொண்ணூறு.

சுமோவில் வருஷத்துக்கு ஆறு தொடர். தொடருக்குப் பதினைந்து நாள், நாளுக்கு ஒரு பிடி. எல்லாம் சேர்ந்தால் தொண்ணூறு. எவ்வளவு பெரிய மல்லனாக இருந்தாலும் வருஷம் முழுக்கத் தோற்காமல் இருந்தவன் கிடையாது. எங்கள் ஊர் சாராயக் கடை இவானாகாவுக்கு இது தெரியும், படகுக்குச் சாயம் பூசுகிறவனுக்குத் தெரியும், கினுவேக்கும் நன்றாகத் தெரியும். சாயங்காலம் மீன் சுத்தம் செய்தபடி ரேடியோவில் சுமோ கேட்டே வளர்ந்தவள் அவள்.

எங்கள் ஊர்ப் பையன் கோஹெய் 'ஷியோகாஸே' என்ற பெயரில் கோதாவில் இறங்கி, முட்டி மோதி மேலே ஏறி, ஒஸெகி ஆனான். உச்சியில் இருக்கும் யோகொஸுனாவுக்கு ஒரே ஒரு படி கீழே. அவன் பெயரில் ஊரில் ஒரு சங்கம். சங்கத்துக்கு இவானாகா தலைவர். வருஷக் கடைசி விருந்து கினுவேயின் கடையில்தான் நடக்கும். அங்கே ஒவ்வொருவரும் கிழங்குச் சாராயக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்த வருஷம் ஷியோகாஸே மொத்தம் எத்தனை பிடி ஜெயிப்பான் என்று உரக்கச் சொல்ல வேண்டும். அடுத்த டிசம்பரில் பார்ப்பார்கள். யார் கிட்டத்தில் வந்தாரோ அவருக்குச் சுட்ட சங்கரா மீனின் தலை. யார் எல்லோரையும்விடத் தள்ளிப் போனாரோ அவர், ஊருக்கே குழம்பு வைத்த அந்த ராட்சச இரும்புப் பானையைக் கடற்கரைக்கு உருட்டிக்கொண்டு போய், குளிர்காற்றில் நின்று, மணலும் நாரும் போட்டுத் தேய்க்க வேண்டும்.

ஆக, பானையில் சமைப்பதும் கினுவே, பானையைத் தேய்ப்பதும் கினுவே.

முதல் வருஷமே இவானாகா அவளுக்குப் புத்தி சொல்லிப் பார்த்தார்.

"அக்கா, தொண்ணூறுன்னா ஒண்ணுலகூடத் தோக்கக் கூடாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"எதிர்ல நிக்கிறவனும் சோறு தின்னுட்டுத்தான் வர்றான் அக்கா."

"உன் பையன் படகை எடுத்துக்கிட்டுக் கிளம்புறப்போ, இந்த வருஷம் இத்தனை தடவை கவுந்துடும்னு கணக்குப் போட்டா அனுப்பறே?"

அதற்கப்புறம் அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் கமோஷிதா ஒவ்வொரு வருஷமும் 'தொண்ணூறு அத்தை' என்று அவள் படத்தைப் போடுவான். கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் சாப்பாட்டுக்கு முன்பே அந்தக் கதையைக் கேட்பார்கள். கிண்டல் செய்தால் கினுவே கோபப்பட மாட்டாள். கோபப்பட என்ன இருக்கிறது என்பாள்.

கோஹெய்யின் அம்மா கருவாட்டுக் கொட்டகையில் வேலை செய்தாள். வீடு திரும்ப இருட்டிவிடும். பள்ளிக்கூடம் விட்டதும் பையன் நேராகக் கினுவேயின் கடைக்குத்தான் வருவான். ஒன்றும் கேட்க மாட்டான். மூலையில் உட்கார்ந்து அடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பான். அந்தப் பார்வைக்குச் சோறு போடாமல் இருக்க யாராலும் முடியாது. சர்க்கரையும் சோயாவும் இஞ்சியும் போட்டு, கரண்டி பட்டாலே விட்டுக்கொடுக்கும் அளவுக்கு வேக வைத்த பன்றிக் கறி என்றால் அவனுக்கு உயிர். கோயில் திருவிழாவில் சிறுவர் சுமோ நடக்கும்போது கினுவே கோதாவுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்துவாள். பெண்கள் கோதாவில் கால் வைக்கக் கூடாது என்பதால் வெளியே நிற்பதுதான் அவளால் முடிந்தது. "நீதான்டா! எல்லாத்திலயும் நீதான்!" என்பாள். அவன் முதல் பிடியிலேயே குப்புற விழுவான். வாயெல்லாம் மண்ணோடு வருகிறவனை ஏப்ரன் துணியால் துடைத்துவிட்டு, "அடுத்ததுல நீதான்" என்பாள். அடுத்ததிலும் விழுவான். பிள்ளையில்லாத வீட்டில் அவனை வைத்துத்தான் சிரிப்பும் சத்தமும் இருந்தது.

மல்லனாகிக் குடுமி வைத்த நாளிலிருந்து கோஹெய் அந்தப் பன்றிக் கறியைத் தொட்டதில்லை. கோழி இரண்டு காலில் நிற்கிறது; பன்றியும் மாடும் நாலு காலில் நிற்கின்றன. கோதாவில் கை தரையில் பட்டவன் தோற்றவன். அதனால் மல்லனுக்குக் கோழிதான் ஆகும், நாலு கால் ஆகாது. இப்போதைய மல்லர்கள் இதையெல்லாம் கண்டுகொள்வதில்லை, கிடைத்ததைத் தின்கிறார்கள். கோஹெய் மட்டும் பிடிவாதமாக இருந்தான். ஆகவே விருந்துப் பானையில் கோழி மட்டும்தான். அவன் ஊருக்கு வரும் நாளில் கினுவே பன்றிக் கறிச் சட்டியை அடுப்பிலிருந்தே இறக்கிப் பின்கட்டில் மறைத்துவிடுவாள்.

அந்த வருஷம் மறைக்க நேரம் கிடைக்கவில்லை. நவம்பர்த் தொடரில் முழங்கால் மடங்கி, கோஹெய் பாதியில் விலகியிருந்தான். ஜனவரியில் எட்டுப் பிடியாவது ஜெயிக்காவிட்டால் ஒஸெகி பட்டம் போய்விடும் என்ற நிலை. குளிர்காலச் சுற்றுப்பயணத்துக்காக மல்லர்களெல்லாம் எங்கள் பக்கம் வந்திருந்ததால், ஒரு நாள் அனுமதி வாங்கிக்கொண்டு காலைக் கப்பலிலேயே ஊருக்கு வந்துவிட்டான். கூட வந்த சின்ன மல்லனைக் கடல் ஆட்டிய ஆட்டத்தில் விடுதியில் படுக்கப் போட்டுவிட்டு, இவன் மட்டும் பின்வாசல் வழியாக, குனிந்து, பக்கவாட்டில் திரும்பி, கடைக்குள் நுழைந்தான். விருந்துக்கு இன்னும் நேரமிருந்தது. கினுவே முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடா, திருடன் மாதிரி வர்றே!"

"முன்பக்கம் வந்தா இவானாகா மாமா பிடிச்சுக்குவாரு அத்தை." கவிழ்த்துவைத்த மீன் பெட்டிமேல் காலை நீட்டி உட்கார்ந்தான். உட்காரும்போது அவன் பல்லைக் கடித்ததை அவள் பார்த்தாள். "அது என்ன வாசனை?"

"ஒண்ணுமில்ல. கோழி."

"உங்க காது செவந்துடுச்சு."

"சரி, பன்றி. ஏலக்காரங்களுக்கு வெச்சது. நீ மூக்கைப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பி உக்காரு."

"எனக்கு ஒரு கிண்ணம் போடுங்க அத்தை."

கினுவே சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவள் கையில் கத்தி அப்படியே நின்றது.

"ஜனவரில தொடர் இருக்குடா."

"போடுங்க."

அவள் போட்டாள். அவன் பதினைந்து வயதுப் பையனாகத் தலையைக் குனிந்துகொண்டு தின்றான். பேச வேண்டியது எல்லாம் அந்த ஒரு கிண்ணத்திலேயே வந்துவிட்டது. அவன் இனி கோதாவில் இறங்கப் போவதில்லை.

"யாருக்குத் தெரியும்?" என்றாள் கடைசியில்.

"என் சம்சாரத்துக்கு. இப்போ உங்களுக்கு. ஆசானுக்கே இன்னும் சொல்லல. சுற்றுப்பயணம் முடிஞ்சு தோக்கியோ போனதும் அவர் முன்னால மண்டிபோட்டுச் சொல்லணும். பதினஞ்சு வயசுல என்னைக் கூட்டிட்டுப் போய் ஆளாக்கின மனுஷன். அவருக்கு இது வேற யார் வாயிலேர்ந்தாவது போச்சுன்னா, நான் மனுஷனே இல்ல அத்தை."

"கால் என்ன சொல்லுது?"

"இன்னொரு தடவை மடங்கிச்சுன்னா, பொண்ணைத் தூக்கிட்டு மாடிப்படி ஏறக்கூட முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு." கிண்ணத்தைக் கீழே வைத்தான். "அத்தை, ஒண்ணு கேக்கட்டுமா? இன்னிக்கு மட்டும் தொண்ணூறு சொல்லாதீங்க."

"ஏன்டா?"

"மத்தவங்க ஐம்பது, அறுபதுன்னு சொல்றப்போ எனக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க சொன்னா உடம்பு தானா எந்திரிச்சு நிக்கும். போன வருஷமே விட்டிருக்கணும். நீங்க சொன்னதைக் கேட்டுட்டு, இன்னும் ஒரு வருஷம் பாத்துடுவோம்னுதான் போனேன்."

அவன் குற்றம் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனாலும் கினுவேயின் கண் அவன் நீட்டியிருந்த முழங்காலுக்குப் போனது. இத்தனை வருஷமாகச் சோறு போடுவதாக நினைத்துக்கொண்டு போட்ட ஒன்று அந்த முழங்கால்மேல் மூட்டையாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. "சரி, சொல்லல" என்றாள்.

மதியத்துக்கு மேல் கடை நிறைந்துவிட்டது. மாலைக் கப்பலுக்கு ஒஸெகி திரும்ப வேண்டும் என்பதால் எல்லோரும் சீக்கிரமே குடிக்க ஆரம்பித்திருந்தார்கள். கமோஷிதா கேமராவோடு வந்து, கோஹெய்க்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டான். "ஒஸெகி, கால் எப்படி?" என்று கேட்டுவிட்டு, பதிலைவிட முகத்தை உற்றுப் பார்த்தான். "உங்க காலைவிட நல்லா இருக்கு" என்றான் கோஹெய். எல்லோரும் சிரித்தார்கள். கமோஷிதா மட்டும் சிரிப்பு அடங்கிய பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அடுக்களைக் கதவோரம் நின்ற கினுவேக்கு அப்போதுதான் உறைத்தது. இன்று அவள் நாற்பது என்று சொன்னால் என்ன ஆகும்? கூடம் சத்தமில்லாமல் போகும். கமோஷிதா அவள் காதைப் பார்ப்பான். அப்புறம் கோஹெய்யின் காலைப் பார்ப்பான். தொண்ணூறு அத்தையே கைவிட்டாள் என்று நாளைக் காலையில் பத்திரிகையில் வந்துவிடும். மறுநாள் ஆசான் காதில் விழும். பேசாமல் இருந்தாலும் அதே கதிதான். தொண்ணூறு சொன்னாலோ, மீன் பெட்டிமேல் உட்கார்ந்து கெஞ்சிய பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். அதைவிட, அந்த உடம்பு எழுந்து நின்றுவிட்டால்?

கூடத்தில் ஆரம்பித்துவிட்டார்கள். இவானாகா ஐம்பத்தெட்டு என்றார். சாயக்காரன் அறுபத்திரண்டு என்று சொல்லிக் கைதட்டு வாங்கினான். ஷிகெதோ முறை வந்தது.

"முப்பது."

"அடப்பாவி! முன்னாடி உக்காந்திருக்கிறவன் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுய்யா!"

"நான் சங்கரா தலை தின்னு பார்த்ததே இல்ல. ஒரு தடவையாவது திங்கணும்" என்றான் ஷிகெதோ. ஆண்டாண்டாக அவன் குறைத்துச் சொல்வதற்கு அதுதான் காரணம். வேறு கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது.

"தொண்ணூறு அக்கா! வெளில வாங்க!" மேசையைத் தட்டத் தொடங்கினார்கள். "நான் முன்னாடியே எழுதிட்டேன், மாத்திடாதீங்க!" என்று கமோஷிதா பேனாவை ஆட்டினான்.

கினுவே தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள். இரண்டு காதும் முழுக்க மறையும்படி இழுத்து இறக்கி, கழுத்துக்குப் பின்னால் இறுக்கி முடிந்துகொண்டு வெளியே வந்தாள்.

"என்ன அக்கா, காது குளிருதா?"

"டிசம்பர்ல குளிராம என்ன செய்யும்?"

கோஹெய் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கோப்பையைத் தூக்கினாள். எந்த வருஷமும் கத்தாத கத்தலாக, கொட்டகைத் தகரம் அதிர, "தொண்ணூறு!" என்றாள்.

ஹோவென்று கூடம் ஆர்ப்பரித்தது. கோஹெய் தலையை வெடுக்கென்று நிமிர்த்தினான். அவன் முகத்தில் வந்தது வலியா வேறு ஏதாவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தான், அந்தத் துண்டைப் பார்த்தான், பிறகு கோப்பையை உயர்த்திக் குடித்துவிட்டு எல்லோரோடும் சேர்ந்து சிரித்தான்.

கப்பல் துறையில் அவனிடம் ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டுமென்று தவித்தாள். 'நான் கத்தினதைக் காதுல போட்டுக்காதே' என்று அவ்வளவுதான். ஆனால் இவானாகா அட்டையாக ஒட்டிக்கொண்டு ஒஸெகியின் கையை விடவே இல்லை. "உடம்பைப் பாத்துக்குங்க அத்தை" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் ஏறிப் போய்விட்டான்.

அப்புறம் கினுவே தூங்கிய தூக்கம் தூக்கமே இல்லை. குழம்பில் உப்பு போட மறந்தாள். ஒரு நாள் இரண்டு தடவை போட்டாள். புத்தாண்டன்று கோயிலில் காசை எறிந்துவிட்டுக் கைகூப்பி நின்றவளுக்கு என்ன வேண்டிக்கொள்வதென்றே தெரியவில்லை. இத்தனை வருஷமும் 'ஜெயிக்கணும்' என்று கேட்ட அதே சாமியிடம் இப்போது, "அவன் எந்திரிக்கக் கூடாது" என்று முணுமுணுத்தாள். பக்கத்தில் நின்ற ஷிகெதோ, "யாரைச் சாகச் சொல்றே?" என்று பயந்துபோய்க் கேட்டான்.

ஜனவரித் தொடர் தொடங்க இருந்த வாரத்தில், அவள் ஒரு பெரிய மீனை அறுத்துக்கொண்டிருந்தபோது, இவானாகா ஏப்ரனோடு ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"அக்கா, ரேடியோ போடுங்க! ஷியோகாஸே... ஷியோகாஸே ஓய்வாம். ஆசான் பக்கத்துல உக்காந்து பேட்டி குடுக்கறான்."

"ஆசான் பக்கத்துலயா?"

"ஆமா அக்கா. ரெண்டு பேரும் அழுவறாங்க."

கினுவே கத்தியை வைத்தாள். மீன் பெட்டிமேல் உட்கார்ந்தாள். அவளும் அழுதாள், நன்றாக, சத்தம் போட்டு, மூக்கைச் சிந்தி அழுதாள். பாவம், தொண்ணூறு போச்சே என்று அழுகிறாள் என நினைத்து இவானாகா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

கோடையில் தோக்கியோவில் குடுமி களையும் சடங்கு நடந்தது. சங்கத்து ஆண்கள் ஒவ்வொருவராகக் கோதாவில் ஏறி, கத்தரியால் ஒரு மயிர் நறுக்கிவிட்டு இறங்கினார்கள். ஷிகெதோகூட ஏறினான். கினுவே கீழே இருக்கையில் உட்கார்ந்து பார்த்தாள். பிள்ளைக்குச் சோறு போட்டவள் கீழேயும், சங்கரா தலைக்கு ஆசைப்பட்டவன் மேலேயும் இருந்ததைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் ஒன்றும் பேசவில்லை. எனக்கென்னவோ அது இன்னும் ஆறவில்லை. அவள் மட்டும், "நல்ல வேளை, நான் ஏறியிருந்தா கோணலா வெட்டியிருப்பேன்" என்றாள்.

மறுபடி டிசம்பர் வந்தது. இந்த வருஷம் பந்தயத்தை விட்டுவிடலாம், ஜெயித்ததே ஒன்றுமில்லையே என்றார் இவானாகா. "ஒண்ணுமில்லன்னா அதுவும் ஒரு எண்ணுதானே? பானை அழுக்கா இருக்கு. யாராவது கழுவணும்ல?" என்றாள் கினுவே. பூஜ்யத்துக்கு மிகக் கிட்டத்தில் இருந்தது ஷிகெதோவின் முப்பது. சங்கரா தலை கடைசியில் அவன் முன்னால் வந்தது. அவன் அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "எனக்குப் பசியில்ல" என்று விருந்துக்கு வந்திருந்த கோஹெய்யின் மகள் பக்கம் நகர்த்தினான். அவள் மீனின் கண்ணை முதலில் நோண்டித் தின்றாள்.

கினுவே பானையை உருட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். கோட்டும் சூட்டும் போட்டு, கிராப்புத் தலையோடு இருந்த கோஹெய் பின்னாலேயே வந்தான். அந்தத் தலை ஊருக்கு இன்னும் பழகவில்லை. கோட்டைக் கழற்றிப் பாறைமேல் போட்டுவிட்டு, சரியாக மடங்காத காலை நீட்டி ஈர மணலில் உட்கார்ந்து நாரை எடுத்தான்.

"எழுந்திருடா, கால்சட்டை வீணாப் போகும்."

"போகட்டும்." தேய்த்தான். "அத்தை, போன வருஷம் துண்டைக் காதுவரைக்கும் இழுத்து விட்டிருந்தீங்களே. அதைப் பாத்ததும்தான் எனக்குப் புரிஞ்சுது. அப்புறம் உடம்பு எந்திரிக்கல."

"நல்லது."

"பொய்தானே அது?"

"பொய்தான். என் ஆயுசுல காது தெரியாம சொன்ன ஒரே பொய்."

அவன் சிரித்துக்கொண்டே பானையின் அடியைத் தேய்த்தான். "ஏன் அத்தை, எல்லா வருஷமும் பொய்தானே? தொண்ணூறு எவனால முடியும்?"

கினுவே துண்டைத் தலையிலிருந்து இழுத்து எடுத்தாள். குளிர்காற்றில் அவள் காதுகள் இரண்டும் வெளுத்துத்தான் இருந்தன.

"மத்த வருஷமெல்லாம் நெசம்டா" என்றாள். "ஒவ்வொரு வருஷமும் தொண்ணூறும் நீதான் ஜெயிப்பேன்னு நெனச்சுத்தான் சொன்னேன்."

கோஹெய் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, பானையில் ஒரே இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தான்.

"போதும்டா" என்றாள். "ஓட்டை விழுந்துடப் போகுது."